பள்ளி முடியப் போகிறது, தம்பிக்கு அடுத்து என்ன?

மூத்தவள் (கேள்வி)

என் தம்பிக்கு வயது 19. மிதமான அறிவுசார் குறைபாடு. சிறப்புப் பள்ளிப் படிப்பு இந்த ஆண்டோடு முடிகிறது. நன்றாகப் பேசுவான், ஆனால் புது ஆள் முன்னால் வாய் திறக்க நேரமாகும். எழுத்துக் கூட்டிப் படிப்பான். கடிகாரம் பார்க்கத் தெரியாது, சில்லறை எண்ண வராது. வீட்டில் துவைத்த துணியெல்லாம் அவன் பொறுப்பு. யாருடையது எது என்று பிரித்து, ஓரம் பிசகாமல் மடித்து, நிறவாரியாக அடுக்கி வைப்பான். யாராவது கலைத்துவிட்டால் அவ்வளவுதான், வீடே ரெண்டாகிவிடும்.

பள்ளியில், "இன்னும் தயாராகவில்லை, தொழிற்பயிற்சிக் கூடத்தில் ரெண்டு வருஷம் சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள். அந்தக் கூடத்தைப் போய்ப் பார்த்தேன். மணி கோக்கிறார்கள், காகித உறை ஒட்டுகிறார்கள். தலை நரைத்தவர்களும் அதே உறையைத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்கோ, வெளியே அனுப்பினால் நாலு பேர் கேலி செய்வார்களே என்று பயம். பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்குவது?

நூலகத்துக்காரியின் அப்பா

என் மகள் நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை எண் வாரியாக அடுக்குகிறாள். வேலையை அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். எங்களுக்குத் தலைவலியாக இருந்தது பேருந்துதான். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போனேன், அப்புறம் பின் இருக்கையில், அப்புறம் இறங்கும் நிறுத்தத்தில் காத்திருந்தேன். பேருந்து வேறு வழியில் போனால் என்ன செய்வது, யாரிடம் எந்த அட்டையைக் காட்டுவது என்பதையும் பழக்குங்கள். வேலை கிடைக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கலாம்.

ஜாப் கோச்

இப்படிப்பட்டவர்களோடு வேலையிடத்துக்கே போய், அவர்கள் தனியாகச் செய்யும்வரை வேலையைப் பழக்குவதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"இன்னும் தயாராகவில்லை" என்று யார் சொன்னாலும், எதற்குத் தயாராக வேண்டும் என்று திருப்பிக் கேளுங்கள். உறை ஒட்டிப் பழகினால் உறை ஒட்ட வரும். நம் பிள்ளைகளுக்குக் கற்பதை விட, ஓரிடத்தில் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. அதனால் முதலில் வேலையிடம், பயிற்சி அங்கேயே. 1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்ட் என்பவர், எதையும் கற்க மாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு மிதிவண்டி பிரேக்கை உதிரி பாகங்களிலிருந்து பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்தார், வாய்ப்பேச்சைக் குறைத்தார். கற்கவில்லை என்றால் கற்பிக்கும் முறையை மாற்று என்பதுதான் அவர் கட்சி. நானும் அதே கட்சிதான்.

எப்படி என்றால், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஒரு பையனுக்குத் தலையணை உறை மடிக்கப் பழக்கினேன். முதலில் நானே மடித்துப் படிகளை எழுதிக்கொண்டேன்: தையல் பக்கம் தன்னைப் பார்த்து, மூலையோடு மூலை, கையால் ஒரு நீவு, மறுபடி பாதி. இரண்டாவது மூலையில்தான் அவன் கை நிற்கும். அங்கே நான் வாயைத் திறக்க மாட்டேன். மனசுக்குள் ஐந்து எண்ணுவேன். நகரவில்லை என்றால் மூலையை விரலால் காட்டுவேன். பின்னால்தான் நிற்பேன். எதிரே நின்றால் துணியை விட்டுவிட்டு என் முகத்தையே பார்ப்பான்.

மடிப்பு வந்துவிட்டது. ஆனால் தள்ளுவண்டி காலியானதும் சும்மா நின்றான். இங்கேதான் பலருக்கும் வேலை போகிறது. வேலை தெரியாமல் போவதில்லை. வேலைக்கும் வேலைக்கும் இடையில் உள்ள இடைவெளியில் போகிறது. ஆகவே "முடிந்ததும் காலி வண்டியைத் தள்ளிப்போய் நிறை வண்டியை எடு" என்பதையும் ஒரு படியாகச் சேர்த்தோம். கடிகாரம் தெரியாதது ஒரு தடையே இல்லை. இடைவேளைக்கு கைப்பேசியில் அலாரம் போதும்.

அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். கேலி நடக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். யாரிடம் போய்ச் சொல்வது என்று அவனுக்கு ஒரு முகத்தைக் காட்டி வைக்க வேண்டும். ஆனால் நான் அதிகம் பார்த்தது கேலியை அல்ல, இரக்கத்தை. "பாவம், நான் செய்கிறேன்" என்று பக்கத்தில் இருப்பவர் அவன் வேலையைப் பிடுங்கிக்கொள்வார். அதைத் தடுப்பதற்குள் எனக்கு நாக்கு தள்ளிவிடும்.

நேர்காணலில் பேசச் சொன்னால் உங்கள் தம்பி தோற்பான். "ஒரு மணி நேரம் செய்து காட்டட்டுமா?" என்று கேளுங்கள். இன்னொன்று, சம்பளம் வந்தால் அரசு உதவித்தொகை நிற்குமா, குறையுமா என்று முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

மூத்தவள்

ரொம்ப நன்றிங்க. அப்படியென்றால் சலவைக்கூடமாகப் பார்த்துத் தேடட்டுமா?

ஜாப் கோச்

அவசரப்படாதீர்கள். அவனுக்குப் பிடித்தது துணியா, அடுக்குவதா? அடுக்குவது என்றால் கிடங்கு, மருந்தகம், நூலகம் எல்லாம் திறந்திருக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 1996இல் பிராஜெக்ட் சர்ச் (Project SEARCH) என்ற திட்டம் தொடங்கியதே, அவசர சிகிச்சைப் பிரிவில் பொருள்களை ஒழுங்காக நிரப்பி வைக்க நிலையான ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான். பள்ளியின் கடைசி ஆண்டை அப்படியே வேலையிடத்துக்கு மாற்றி, ஓராண்டுக்குள் மூன்று பிரிவுகளில் மாறி மாறி வேலை பார்க்க வைக்கிறார்கள். எது ஒத்துவருகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். உங்கள் பள்ளியிடமும் கேட்டுப் பாருங்கள், வாரத்தில் ஒரு நாளாவது வெளியே அனுப்ப முடியுமா என்று.

கிடங்கு மேற்பார்வையாளர்

வேலை கொடுக்கிறவன் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. எங்களிடம் ஒரு பெண் இப்படி வேலை செய்கிறார். முதல் சில வாரம் எனக்கு எது சொல்ல வேண்டுமானாலும் கோச்சிடம்தான் சொல்வேன். அவர் "அவளிடமே சொல்லுங்க சார்" என்று நகர்ந்துவிடுவார். எரிச்சலாக இருந்தது. இப்போது கோச் வருவதே இல்லை, பக்கத்து வரிசை அக்காதான் எல்லாம். குடும்பத்தாரிடம் நான் எதிர்பார்ப்பது நோய்ப் பெயரை அல்ல. எதைக் கண்டால் மிரள்வார், மிரண்டால் என்ன செய்ய வேண்டும், இந்த இரண்டையும் ஒளிக்காமல் சொன்னால் போதும்.

ஜாப் கோச்

சார் சொன்னதையே கேட்கிறேன். தம்பிக்கு இயந்திர இரைச்சல் ஆகுமா?

மூத்தவள்

எவ்வளவு இரைந்தாலும் கண்டுகொள்ள மாட்டான். நாய் குரைத்தால்தான் வந்த வழியே ஓடிவிடுவான்.

நூலகத்துக்காரியின் அப்பா

அப்படியானால் பேருந்து நிறுத்தத்திலிருந்து வேலையிடம் வரைக்கும் ஒருமுறை நீங்கள் நடந்து பாருங்கள். அதுவும் அவன் போகப்போகும் நேரத்திலேயே. மத்தியானம் போனால் நாயெல்லாம் தூங்கும்.