வீரை மரப் பரவல் மாடல்: ஏயூசி 0.96 வருகிறது, மேப்பை நம்ப முடியவில்லை

கெடிலக்கரை:

வணக்கம். கடலூர், விழுப்புரம் மாவட்டங்களும் புதுச்சேரியும் சேர்ந்த பகுதியில் வீரை மரம், அதாவது ட்ரைபீடிஸ் செபியாரியா, வளரத் தகுந்த இடங்களுக்கு ஒரு மேப் வேண்டும். ஐயனார் கோயில் காடுகளை ஒட்டி மறுபடி நட விரும்பும் ஊர்க்காரர்களுக்காகச் செய்வது. எங்கே நட்டால் நாற்று நிற்கும் என்பதுதான் கேள்வி.

ஜிபிஃப் (உலக உயிரினப் பதிவுகளின் திறந்த தரவுத்தளம்) தரவும் பழைய உலர்தாவரத் தாள்களும் சேர்த்து 61 ரெக்கார்டு. ஒரே செல்லில், அதாவது மேப்பின் ஒரே கட்டத்தில், விழுந்தவற்றை நீக்கினால் 38. வேர்ல்ட்கிளிம் 2.1 தட்பவெப்பத் தரவு, 30 ஆர்க்செகண்ட் செல், வெப்பமும் மழையும் சொல்லும் 19 பயோ லேயரும் போட்டு, மாவட்ட எல்லையை வைத்து வெட்டிக்கொண்டேன். பரவலைக் கணிக்கும் மேக்ஸ்என்ட் 3.4 மென்பொருள், எல்லாம் டீஃபால்ட், பேக்கிரவுண்ட் (ஒப்பிட எடுக்கும் புள்ளிகள்) 10,000, டெஸ்ட்டுக்கு ரேண்டமாக 25 சதவீதம். டெஸ்ட் ஏயூசி, அதாவது மரம் உள்ள இடத்தைப் பேக்கிரவுண்டிலிருந்து பிரிக்கும் திறனுக்கு 1-க்குள் மதிப்பெண், 0.96.

ஆனால் பண்ருட்டி முந்திரித் தோப்புகளும் நெய்வேலிச் சுரங்கமும் அடர் சிவப்பில், மிகத் தகுந்த இடம் என்று வருகின்றன. மாடலில் பாதிப் பங்கு பயோ 8-க்கே போகிறது. அது ஏன் என்று புரியவில்லை. 2041–2060-க்கு எஸ்எஸ்பி5-8.5, அதாவது மிக அதிக உமிழ்வுக் காட்சி, ஓட்டினால் கடற்கரை முழுக்க வெள்ளை; இன்று மரம் நிற்கும் புத்துப்பட்டுக் காடுகூடத் தகுதியில்லை என்கிறது. நிலப்பயன்பாட்டு லேயரையும் சேர்த்தால் சரியாகுமா?

ஊசுட்டேரி:

உங்கள் தவறு மேக்ஸ்என்ட் செட்டிங்கில் இல்லை, வெட்டிய எல்லையில் இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் பகுதியில் 30 ஆர்க்செகண்ட் செல் ஒன்று சுமார் 0.84 சதுர கிலோமீட்டர். நீங்கள் வெட்டிய நிலம் எட்டாயிரம் சதுர கிலோமீட்டருக்குள்தான் வரும். மொத்தமே சுமார் 9,000 செல். 10,000 பேக்கிரவுண்ட் கேட்டிருக்கிறீர்கள். அதாவது இருக்கிற எல்லாச் செல்லும் பேக்கிரவுண்டாகப் போயிருக்கிறது. அது தானாகக் குற்றமில்லை, ஆனால் எல்லை எவ்வளவு சின்னது என்பதற்கு அடையாளம். இந்தச் சமவெளியில் ஆண்டுச் சராசரி வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே அதிகம். மாடல் தட்பவெப்பத்தைக் கற்றுக்கொள்ள அங்கே வித்தியாசமே இல்லை. கடற்கரைப் பட்டை எது, உள்நாடு எது என்பதை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறது. டெஸ்ட் பாயிண்டுகளும் டிரெய்னிங் பாயிண்டுகளுக்குப் பக்கத்துச் செல்லில் இருப்பதால் 0.96 வராமல் வேறென்ன வரும்?

2050 மேப் வெள்ளையாவதற்கும் இதுவே காரணம். உங்கள் தரவில் வெப்பமான ஓரம் விருத்தாசலம் பக்கம். அங்கே ரெக்கார்டு இல்லை. வெப்பம் கூடினால் வீரை இல்லை என்று மாடல் படித்துக்கொண்டது. அங்கே மரம் இல்லாததற்கு உண்மைக் காரணம் உழவும் முந்திரியும் சவுக்கும். வருங்காலத்தில் கடற்கரை இன்றைய விருத்தாசலம்போல ஆகும்போது, அந்த "இல்லை" அப்படியே கடற்கரைக்கு வந்து உட்காருகிறது. அதற்கும் மேலே போகும் வெப்பத்துக்கு மேக்ஸ்என்ட் கிளாம்ப் செய்யும். டிரெய்னிங்கில் கண்ட கடைசி மதிப்பையே பிடித்துக்கொள்ளும். டிரெய்னிங்கில் காணாத தட்பவெப்பம் எங்கே என்று காட்டும் மெஸ் மேப் ஒன்று எடுத்துப் பாருங்கள். 2050-இல் கிட்டத்தட்ட எல்லாச் செல்லும் மைனஸில் இருந்தால் அது முன்கணிப்பு இல்லை, ஊகம்.

ஆகவே மாடலை மரத்தின் முழுப் பரவலுக்கும் ஓட்டுங்கள்: ஆந்திரக் கடற்கரை, கிழக்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகள், தமிழ்நாட்டு உள்நாடு, இலங்கையின் உலர் வலயம். இந்த மரம் இவ்வளவு இடத்திலும் வாழ்கிறது; மூன்று துண்டு நிலத்தை மட்டும் காட்டி அதன் தாங்குதிறனைக் கேட்பது நியாயமில்லை. அங்கே கிடைத்த மாடலைப் பிறகு நம் பகுதிக்கு வெட்டிப் பார்க்கலாம்.

பயோ 8 என்பது மழை மிகுந்த காலாண்டின் சராசரி வெப்பம். கடலூரில் அந்தக் காலாண்டு அக்டோபர் முதல் டிசம்பர். மேற்கே போகப் போக ஆகஸ்ட், செப்டம்பர் மழையின் பங்கு கூடும். ஏதோ ஒரு செல்லில் காலாண்டு முன்னால் நகர்ந்துவிடும். டிசம்பர் குளிர் கணக்கிலிருந்து போய் செப்டம்பர் புழுக்கம் உள்ளே வரும். தரையில் எதுவும் மாறாத இடத்தில் லேயரில் கோடு போட்டதுபோல ஒரு படி. அந்தப் படி கடற்கரைக்கு இணையாக ஓடினால் மாடலுக்குக் கொண்டாட்டம்தான். இப்படி வெப்பத்தையும் மழையையும் காலாண்டு வைத்துக் கலக்கும் பயோ 8, 9, 18, 19 நான்கையும் எடுத்துவிடுங்கள்; வடகிழக்குப் பருவமழையும் தென்மேற்கும் சந்திக்கும் நம் நாட்டில் இவை நம்பத்தகாதவை.

மீதியில் ஒன்றோடொன்று ஒட்டுறவுக் கெழு 0.7-க்கு மேல் வரும் ஜோடிகளில் ஒன்றை விடுங்கள். எதை விடுவது என்பதை மரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள், எண்ணைப் பார்த்து அல்ல. பசுமை மாறா மரத்துக்கு வறட்சிக் காலம் எவ்வளவு கொடுமை என்பதே முக்கியம். நான் வைப்பது பயோ 5 (மிக வெப்பமான மாதத்தின் உச்ச வெப்பம்), பயோ 12 (ஆண்டு மழை), பயோ 15 (மழையின் பருவ ஏற்றத்தாழ்வு), பயோ 17 (மிக வறண்ட காலாண்டின் மழை). டெர்ராகிளைமேட் என்ற தட்பவெப்பத் தரவின் நீர்ப்பற்றாக்குறை லேயர் இன்னும் நேரடியானது, ஆனால் செல் சுமார் 4 கிலோமீட்டர்.

38 பாயிண்டுக்கு டீஃபால்ட்டில் லீனியர், குவாட்ராடிக், ஹிஞ்ச் என்ற மூன்று கோட்டு வடிவங்களும் ஏறும். 19 லேயரோடு அது வளைந்து நெளிந்து எல்லாவற்றையும் தொட்டுவிடும். மாடல் தேவையின்றி நெளிவதைத் தடுக்கும் ரெகுலரைசேஷன் மல்டிப்ளையரை 1 முதல் 5 வரை அரை அரையாக ஏற்றி, லீனியர் மட்டும், லீனியரும் குவாட்ராடிக்கும், ஹிஞ்ச் மட்டும் என்று மூன்று கூட்டணியில் ஓட்டிப் பாருங்கள்; ஈஎன்எம்எவால் என்ற ஆர் தொகுப்பில் ஒரே தடவையில் முடியும். டெஸ்ட்டை ரேண்டமாகப் பிரிக்காமல் இடவாரியாகப் பிரியுங்கள்: அரை டிகிரிப் பிளாக், ஐந்து பங்கு. தூரக் கணக்குக்கு மீட்டரில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு ஆள்கூறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஏயூசி 0.78-க்கு இறங்கினால் கலங்க வேண்டாம். அதுதான் உண்மைக்குக் கிட்ட. கூடவே, மாடல் தரும் தகுதி கூடக் கூட ரெக்கார்டும் கூடுகிறதா என்று காட்டும் பாய்ஸ் இண்டெக்ஸும் பாருங்கள்.

செம்மண்காடு:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் அந்த 61 ரெக்கார்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் மறு ஓட்டம் வேண்டாம்.

பழைய தாளின் லேபிளில் "கடலூர்" என்று மட்டும் இருக்கும். தரவேற்றியவர் ஊரின் நடுப்புள்ளியைக் கொடுத்திருப்பார். மாடல் அங்கே வீரைக்காடு இருப்பதாக நம்பும். "புதுச்சேரி" என்று மட்டும் இருக்கும் ரெக்கார்டு இன்னும் மோசம்: அது மாஹேயாகவோ ஏனாமாகவோ காரைக்காலாகவோ இருக்கலாம். யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளுக்கும் சேர்த்து நடுப்புள்ளி எடுத்தால் அது சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும். இதே காரணத்துக்காக புதுச்சேரி எல்லைக்கோட்டை மாஸ்க்காக, அதாவது மேப்பை வெட்டும் அச்சாக, பயன்படுத்தாதீர்கள். புதுச்சேரிப் பகுதி மட்டுமே பல துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. மரத்துக்கு அந்தக் கோடு தெரியாது.

தசமப் புள்ளிகளை எண்ணுங்கள். இரண்டு இலக்கம்தான் என்றால் பிழை ஒரு கிலோமீட்டர் வரை, அதாவது ஒரு முழுச் செல். பொதுமக்கள் பார்த்ததைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடம் மறைக்கப்பட்ட பதிவு 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் எங்கோ போடப்பட்டிருக்கும்; நம் பக்கம் அது 22 கிலோமீட்டர். அவற்றை விட்டுவிடுங்கள்.

நட்ட மரங்களையும் பிரியுங்கள். ஆரோவில் 1968-இல் தொடங்கியது. அங்குள்ள மரங்களில் பெரும்பகுதி கை வைத்து நட்டவை, ஆரம்பத்தில் தண்ணீர் ஊற்றி வளர்த்தவை. அந்தச் செம்மண்ணில் மரம் நிற்கும் என்பதற்கு அவை சாட்சி, தானாக வரும் என்பதற்கு இல்லை. உங்கள் கேள்வி நடுவதைப் பற்றியது என்பதால் அவற்றைத் தூக்கி எறியாமல் தனியாக வைத்து, மாடல் முடிந்தபின் சரிபார்க்கப் பயன்படுத்துங்கள்.

கடற்கரை ஓரப் பாயிண்டுகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். வேர்ல்ட்கிளிமின் கரையோரச் செல்லில் மதிப்பு இல்லாவிட்டால் மேக்ஸ்என்ட் அந்த ரெக்கார்டை விட்டுவிட்டு நடக்கும். லேயர் மதிப்பை முதலில் எடுத்துப் பார்த்து, காலியானவற்றுக்குப் பக்கத்துச் செல்களின் சராசரியை நிரப்புங்கள்.

இதைவிடப் பெரிய சாய்வு (ஒருதலைச் சார்பு) ஒன்று இருக்கிறது. நம் பகுதியில் வீரையைத் தேடிப் போகிறவர்கள் எல்லோரும் புத்துப்பட்டு, திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் என்று கோயில் காடுகளுக்கே போகிறார்கள். மரம் அங்கே இருப்பதற்குக் காரணம் மண்ணோ மழையோ மட்டும் இல்லை. ஐயனாருக்குப் பயந்து யாரும் வெட்டவில்லை. ரெக்கார்டு என்ற பெயரில் பக்தியையும் தார்ச்சாலையையும் மாடலுக்குக் கொடுத்துவிடுகிறோம். இதைச் சரிக்கட்ட, ரேண்டம் பேக்கிரவுண்டுக்குப் பதிலாக, அதே பகுதியில் சேகரிக்கப்பட்ட எல்லா மரம், புதர் ரெக்கார்டுகளையும் பேக்கிரவுண்டாகக் கொடுங்கள். டார்கெட் குரூப் என்பார்கள். தேடியவர்கள் போன இடத்தோடு வீரை கிடைத்த இடத்தை ஒப்பிட்டால் சாய்வு இரண்டு பக்கமும் ஒன்றாகி அடிபட்டுப் போகும்.

மணற்கல்:

நிலப்பயன்பாட்டு லேயரை உள்ளே சேர்க்காதீர்கள். இன்று எங்கே நிற்கிறது என்பது கேள்வியானால் சேர்க்கலாம். எங்கே நட்டால் நிற்கும் என்பதற்கு அது குழி பறிக்கும்: வயல் என்றால் வீரை வராது என்று மாடல் கற்கும், நீங்கள் நட நினைப்பதே வயலோரத்தில். கோயில் தூரத்தை ஒரு லேயராகப் போட்டால் அதுவே முதலிடம் பிடிக்கும். நடுவதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மண், தட்பவெப்பம் மட்டும் வைத்து மாடல் ஓட்டி, நிலப்பயன்பாட்டைக் கடைசியில் மாஸ்க்காகப் போடுங்கள். நெய்வேலி சிவப்பாக இருப்பது அந்த வகையில் பிழையே இல்லை. அங்கே வானம் ஏற்கும், மண்தான் போய்விட்டது.

மாஸ்க்கிலும் ஒரு பொறி உண்டு. வேர்ல்ட்கவர் போன்ற 10 மீட்டர் நிலப்போர்வை மேப்பில் மரப்போர்வை என்று ஒரே வகுப்புதான். பண்ருட்டி முந்திரியும் கடலோரச் சவுக்கும் கோயில் காடும் அதில் ஒரே பச்சை. சவுக்கைச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களின் வரிசையில் பிரிக்கலாம்: சில ஆண்டுக்கு ஒருமுறை வெட்டும்போது பசுமையை அளக்கும் என்டிவிஐ தரையைத் தொட்டு மறுபடி ஏறும். முந்திரியைப் பிரிக்கக் கையால் வரைந்த பாலிகன் வேண்டும், குறைந்தது ஐம்பது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் சாய்த்த பகுதி இது. அதற்கு முந்தைய எந்த மேப்பும் உதவாது.

மண் லேயருக்குச் சாயில்கிரிட்ஸ் 250 மீட்டர் எடுப்பீர்கள். அதுவே ஒரு மாடலின் விளைச்சல், தட்பவெப்ப லேயர்களும் அதற்குள் போயிருக்கின்றன. பயோ லேயரோடு சேர்த்தால் ஒரே செய்தியை இரண்டு முறை சொல்வதாக ஆகலாம். கடலூர் மணற்கல் மேல் படிந்த செம்மண்ணா, ஆற்று வண்டலா என்று புவியியல் மேப்பிலிருந்து ஒரே ஒரு வகுப்பு லேயர் போடுவது எனக்கு நம்பிக்கையாகப் படுகிறது.

இரண்டு ஹெக்டேர் கோயில் காடு உங்கள் செல்லில் நாற்பதில் ஒரு பங்கு என்பதையும் ஊர்க்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். ஒரு செல் சிவப்பு என்றால் அந்த ஊர் தகுந்தது. எந்த வரப்பு என்று அது சொல்லாது.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் 61-இல் 17 போனது: நடுப்புள்ளி 9, இரண்டு இலக்கம் 5, மறைக்கப்பட்டவை 3. நட்டவை 6 தனியாக வைத்துவிட்டேன். எல்லையை இலங்கை வரை விரித்து, நான்கு லேயர், டார்கெட் குரூப் பேக்கிரவுண்ட், லீனியரும் குவாட்ராடிக்கும், மல்டிப்ளையர் 2.5. பிளாக் டெஸ்ட்டில் ஏயூசி 0.74. 2050-இல் புத்துப்பட்டு இப்போது வெள்ளையாகவில்லை, நடுத்தரத்தில் நிற்கிறது. மெஸ்ஸில் மேற்கு ஓரம் மட்டும் மைனஸ். தரையில் எப்படிச் சரிபார்ப்பது?

செம்மண்காடு:

0.74-ஐ அப்படியே எழுதுங்கள், கூச்சம் வேண்டாம்.

மேப்பைத் தகுதி உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் பத்துச் செல் ரேண்டமாக எடுங்கள். கோயில் காடு இருக்கும் செல்லாகத் தேர்ந்துகொண்டு போகாதீர்கள், பழைய சாய்வு திரும்பி வந்துவிடும். ஏப்ரல், மே மாதத்தில் போங்கள். தரிசும் வேலியும் காய்ந்து கிடக்கும்போது பசுமை மாறாத புதர் தனியாகத் தெரியும். செபியாரியா என்ற சொல்லே வேலியைக் குறிப்பது. பெரிய மரத்தைத் தேடாமல், ஏரிக்கரை, இடுகாட்டோரம், பழைய வேலிப் புதருக்குள் குனிந்து பாருங்கள். வெட்டி வெட்டித் துளிர்த்து இடுப்பளவில் நிற்கும் வீரையும் ஒரு ரெக்கார்டுதான். ஒவ்வொரு செல்லிலும் ஒரே அளவு நேரம், சொல்லப்போனால் இரண்டு மணி. கிடைக்காததையும் நேரத்தோடு எழுதுங்கள், அடுத்த மாடலுக்கு அதுதான் தங்கம்.

கிடைத்த இடத்தில் ஆணா பெண்ணா என்று குறியுங்கள். வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை நாற்றில் தெரியாது, அதனால் நடும்போது ஒரு குழிக்கூட்டத்துக்கு ஏழெட்டு நாற்றாவது, வெவ்வேறு தாய்மரத்து விதையிலிருந்து எடுத்து நடச் சொல்லுங்கள்.