பதில் வராத காலத்தில் எப்படி நின்றீர்கள்?

கிறிஸ்துவுக்குள் அன்பான அனைவருக்கும் ஸ்தோத்திரம். சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் பெரும்பாலும் ஜெபம் கேட்கப்பட்டவர்கள். குணமானவர்கள், வேலை கிடைத்தவர்கள், கடன் தீர்ந்தவர்கள். அவர்களுக்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். கேட்டது கிடைக்காமலே கர்த்தரை விடாமல் இருக்கிறவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களை யாரும் முன்னால் கூப்பிடுவதில்லை. நான் அந்த வரிசைக்காரி.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. பேச்சும் போயிற்று. எண்ணெய் பூசி ஜெபித்தார்கள், உபவாசம் இருந்தார்கள். எழுந்து நடப்பார் என்று அடித்துச் சொன்ன ஊழியர்களும் உண்டு. நடக்கவில்லை. அதன்பிறகு வந்தவர்களின் பேச்சு மாறியது. "வீட்டில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா, ஆராய்ந்து பாருங்கள்" என்றார் ஒருவர். அம்மாவுக்குப் பேச்சுதான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்டது. அவர் கண்ணோரம் நீர் இறங்கியதைச் சொன்னவர் கவனிக்கவில்லை. அடுத்த வசனத்துக்குப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து வியாதியில் விழுந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்களைப் பிரசங்கங்களில் வறுத்தெடுக்கிறோம். ஆனால் வந்தவுடன் அவர்கள் செய்ததைப் பாருங்கள்: ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வந்தது வினை. நம்மில் பலர் வாசற்படியிலேயே வாயைத் திறந்துவிடுகிறோம்.

எங்கள் சபையில் வயதான ஓர் அம்மா இருந்தார். வந்தால் முதலில் கையைக் கழுவிக்கொள்வார். படுக்கைப்புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். முழங்காலை மடக்கி வைத்து, ஒரு கையைத் தோளிலும் மறு கையை இடுப்பிலும் கொடுத்து, வெடுக்கென்று இழுக்காமல் நம் பக்கமாகச் சாய்க்க வேண்டும். பிறகு முதுகுக்கு ஒரு தலையணை, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இன்னொன்று. சில மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், இரவிலும்தான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வேதத்தைத் திறப்பார்.

ஒருநாள் 88-ஆம் சங்கீதத்தை வாசித்தார். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் எப்படியாவது ஓரிடத்தில் துதிக்கோ நம்பிக்கைக்கோ திரும்பிவிடும். இது திரும்பாது, இருளிலேயே முடிந்துவிடும். எனக்குத் தாங்கவில்லை. "இதைப் போய் நோயாளியின் பக்கத்தில் வாசிக்கிறீர்களே" என்றேன். "அவன் புலம்புகிறதை யாரிடம் புலம்புகிறான், பார்" என்றார். 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்றல்லவா ஆரம்பிக்கிறான்! கேள்வியைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போவது அவிசுவாசம் அல்ல என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அம்மா குணமாகாமலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஏன் என்று இன்றும் கேட்கிறேன், கர்த்தரிடமே கேட்கிறேன். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள். வெற்றியில் முடிந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

*

சகோதரிக்கு ஸ்தோத்திரம். என்னுடையது வியாதி அல்ல, வேலை. கணக்குப் பிரிவில் இருந்தேன். வராத சரக்கு வந்துவிட்டதாக ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். முடியாது என்றேன். முதலில் நயமாகப் பேசினார்கள், பிறகு கேலி, பிறகு வேலையே இல்லாத ஒரு மேசை. கடைசியில் அனுப்பிவிட்டார்கள்.

"கவலைப்படாதீர்கள் பிரதர், கர்த்தர் இரட்டிப்பாய்த் தருவார்" என்றார்கள் சகோதரர்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். யோபுவுக்கு 7,000 ஆடுகள் 14,000 ஆயின, உண்மை. ஆனால் இறந்துபோன பத்துப் பிள்ளைகள் எழுந்து வரவில்லை, பிறகு பிறந்தவர்கள் வேறு பிள்ளைகள். அந்த இரட்டிப்பைப் பிரசங்கிக்கிறவர்கள் இதையும் ஒரு வரி சொன்னால் தேவலை. எனக்கு இரட்டிப்பு வரவில்லை. முன்பைவிடக் குறைந்த சம்பளத்துக்கு ஒரு வேலை கிடைத்தது, அதுவும் வெகுகாலம் கழித்து.

என்னைப் பிடித்து நிறுத்தியது தானியேல் புத்தகத்தின் 3-ஆம் அதிகாரம். ராஜா நிறுத்திய சிலையை வணங்காவிட்டால் அக்கினிச்சூளையில் போடுவோம் என்று மிரட்டப்பட்ட மூன்று பேரும் அவன் முன்னால் நின்று, தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவர் என்கிறார்கள். அதே மூச்சில், விடுவிக்காமற்போனாலும் உம்முடைய சிலையைப் பணியமாட்டோம் என்கிறார்கள். சூளைக்குள்ளே தங்களைக் காக்க நாலாவது ஆள் ஒருவர் உலாவுவார் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. நமக்குக் கதையின் முடிவு தெரிவதால், அந்த 'விடுவிக்காமற்போனாலும்' என்ற இடத்தைச் சட்டென்று தாண்டிவிடுகிறோம்.

வேலை போன செய்தியை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "கையெழுத்துப் போட்டிருந்தால் உங்களுக்கு ராத்திரித் தூக்கம் வந்திருக்காது" என்றார். இப்போதும்தான் வரவில்லை, பிள்ளைகளின் படிப்புச் செலவை நினைத்து. ஆனால் இது வேறு தூக்கமின்மை. காலையில் எழுந்து முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடிகிறது.

*

நான் வயதில் சிறியவள். மேலே எழுதிய இருவரும் ஒருவிதமாகக் கரையேறிவிட்டீர்கள். நான் இன்னும் தண்ணீருக்குள்தான் இருக்கிறேன். என்ன பிரச்சினை என்று எழுத மனமில்லை. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வருவதில்லை. ஆராதனைக்குப் போகிறேன், எல்லாரும் பாடும்போது சும்மா நிற்கிறேன். சாப்பாடு இறங்குவதில்லை. இப்படி நிற்பதையும் கர்த்தர் கணக்கில் எடுத்துக்கொள்வாரா?

*

மகளே, ஊழியத்திலிருந்து ஓய்வுபெற்றவன் எழுதுகிறேன். போகிறாய் அல்லவா, அதுவே போதும். பாட்டை நாங்கள் பாடிக்கொள்கிறோம்.

எலியா தீர்க்கதரிசி வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின்கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றான். வானத்திலிருந்து அக்கினியை இறக்கின அதே எலியாதான். தூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் தலைமாட்டில் வைத்து எழுப்பினான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். அதற்கும் தூதன் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம்தரம் எழுப்பி, திரும்பவும் சாப்பிடச் சொன்னான். ஆகவே நீ முதலில் சாப்பிடு.

உன் விசுவாசம் சரியில்லை என்று யாராவது சொன்னால், 2 தீமோத்தேயு 4:20-ஐ வாசிக்கச் சொல். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று அப்போஸ்தலனாகிய பவுல் எழுதுகிறார். எபேசுவில் அவர் உடம்பிலிருந்து எடுத்துப்போன உறுமால்களால், அதாவது கைத்துணிகளால்கூட, வியாதிகள் நீங்கின. துரோப்பீமுவும் எபேசியன்தான், பவுலுடனே சுற்றித் திரிந்தவன். அவனை ஏன் அப்படி விட்டுவந்தார் என்பதற்கு ஒரு வரி விளக்கமும் இல்லை. பவுல் அவனைக் குறைசொல்லவும் இல்லை.

தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் மருத்துவரைப் பார், தள்ளிப்போடாதே. சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடு. மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்பார்கள் சிலர். பவுலின் கூடவே பயணம் செய்த லூக்கா என்ன தொழில் செய்தான் என்று அவர்களைத் திருப்பிக் கேள். கொலோசெயர் 4:14-இல் இருக்கிறது.