புதுப்பிப்பு: 'கொளத்தூர்' தேடலில் வராத சிக்கல் தீர்ந்தது, திருத்தமும் ஏற்கப்பட்டது

சென்னைப் பேருந்து நிறுத்தங்களைத் தேட உதவும் திறமூல நிரலில், 'கொளத்தூர்' என்று சரியாகத் தட்டச்சு செய்தும் விடை வராததைப் பற்றிக் கேட்டிருந்தேன். பொறுமையாக வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

ஒப்பிடுவதற்கு முன் தேடுசொல், தரவு ஆகிய இரண்டையும் யூனிகோடின் (கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறை) என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது பல விதமாகச் சேமிக்கக்கூடிய எழுத்தை ஒரே சீராக்கும் வடிவத்துக்கு, மாற்ற வேண்டும் என்ற யோசனையே பலித்தது. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் சேமிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறுவேறு. எங்கள் தரவுக் கோப்பில் இரண்டாம் வகை இருந்தது.

எதிர்பாராத ஒன்று: 'சௌகார்பேட்டை' அதன் பிறகும் சிலருக்குக் கிடைக்கவில்லை. ஔகாரக் குறியின் வலப்பகுதிக்குப் பதிலாகப் பலர் 'ள' என்ற எழுத்தையே இடுகிறார்கள். அதை என்எஃப்சி மாற்றாது. மாற்றவும் கூடாது, ஏனெனில் 'கெளுத்தி' போன்ற சொற்களில் அந்த ளகரம் உண்மையான எழுத்து. ஆகவே அந்த நிறுத்தத்துக்கு மட்டும் தரவில் மாற்று எழுத்துக்கூட்டல் ஒன்றைச் சேர்த்தேன்.

பராமரிப்பாளர் கேட்டபடி இரண்டு திருத்தங்களையும் ரீபேஸ் (மாற்றங்களின் வரலாற்றை மறுசீரமைக்கும் வசதி) வழியாகத் தனித்தனிக் கமிட்டுகளாக (பதிவு செய்யப்படும் மாற்றத் தொகுப்புகளாக) பிரித்து, சோதனை நிரலையும் இணைத்து அனுப்பினேன். நேற்று மாலை அவை நிரலின் முதன்மைக் கிளையில் (முதன்மைப் பதிப்பில்) சேர்க்கப்பட்டன.