புதுப்பிப்பு: நிலுவைச் சம்பளத்துக்கான வரி நிவாரணம் கிடைத்துவிட்டது

என் மனைவிக்கு 2021-22க்கான நிலுவைச் சம்பளம் 2,40,000 ரூபாய் 2024-25இல் மொத்தமாக வந்ததையும், வருமானவரிக் கணக்குத் தாக்கலில் கேட்ட 89-வது பிரிவு நிவாரணத்தை (நிலுவை ஒரே ஆண்டில் மொத்தமாக வருவதால் கூடும் வரியைக் குறைப்பது) வருமானவரித் துறை ஏற்காமல், வரி கட்டச் சொன்னதையும் முன்பு எழுதியிருந்தேன்.

நீங்கள் பலர் சொன்னதுதான் காரணம். இந்த நிவாரணத்துக்கான படிவம் 10ஈ (Form 10E) தாக்கல் செய்யவில்லை. கணக்கில் தொகையைக் குறிப்பிட்டால் போதாது, அதற்கு முன்பே இணையதளத்தில் இந்தப் படிவத்தைத் தனியாகத் தாக்கல் செய்ய வேண்டும். நாங்கள் இப்போது அதைப் போட்டு, பிறகு திருத்திய கணக்கும் அனுப்பினோம். வரி கட்டச் சொன்ன கேட்பு நீங்கிவிட்டது. அப்பாடா!

கணக்கு கேட்டவர்களுக்கு: பழைய வரி முறையில் நிலுவை முழுவதும் 2024-25இல் 30 சதவீத வரி அடுக்கில் விழுந்தது. செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து 74,880 ரூபாய் வரி. அதே தொகை உரிய ஆண்டிலேயே வந்திருந்தால் 20 சதவீதம், அதாவது செஸ் சேர்த்து 49,920 தான். இந்த 24,960 ரூபாய் வித்தியாசமே நிவாரணம். இரண்டு ஆண்டும் ஒரே அடுக்கு என்றால் பெரிதாக எதுவும் மிஞ்சாது. புதிய வரி முறையிலும் இந்த நிவாரணத்தைக் கேட்கலாம்.

நிலுவை எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்ற விவரத்தை அலுவலகத்தில் எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் படிவத்தை நிரப்பவே முடியாது. எங்களுக்கு அதிக நாள் பிடித்தது அதற்குத்தான். குடும்ப ஓய்வூதிய நிலுவைக்கும் இந்த நிவாரணம் உண்டு. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.