எட்டாவது முடித்த பிள்ளைக்கு 5 வாரக் கோடை: ஃபவுண்டேஷனா, மலை முகாமா, மைதானமா?

உறையூர்_பெற்றோர்:
மகள் ஜூனில் ஒன்பதாம் வகுப்பு போகிறாள். சமச்சீர், திருச்சி. கையில் 5 வாரம், 20,000 ரூபாய். மூன்று நோட்டீஸ் வந்திருக்கின்றன. ஒன்று நீட்/ஜேஇஇ ஃபவுண்டேஷன்: வாரம் 6 நாள், தினம் 4 மணி நேரம், நான்கு பாடம், 18,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இரண்டாவது கொடைக்கானலில் 7 நாள் தங்கும் முகாம், 16,000. மூன்றாவது அண்ணா விளையாட்டரங்கத்தில் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கோடைப் பயிற்சி. எதற்கு அனுப்பலாம்? காரணத்தோடு சொல்லுங்கள்.

கணக்கு_வாத்தியார்:
கோச்சிங்குக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 18,000 ரூபாய் கட்டணம் 21,240 ஆகிவிடும், உங்கள் பட்ஜெட்டையே தாண்டுகிறது.

அடுத்து நேரக் கணக்கு. 5 வாரம், 6 நாள், 4 மணி: மொத்தம் 120 மணி நேரம். நான்கு பாடத்துக்குப் பிரித்தால் பாடத்துக்கு 30. ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் கண மொழி தொடங்கி நிகழ்தகவு வரை 9 இயல்கள். இயலுக்கு 3 மணி 20 நிமிடம்தான் கிடைக்கும். அதற்குள் சூத்திரத்தைச் சொல்லி ஐந்தாறு கணக்கைப் போர்டில் போட்டுக் காட்டலாம், அவ்வளவே. பிள்ளை தானாக உட்கார்ந்து தப்பு செய்து திருத்த நேரம் கிடையாது. பள்ளியில் முக்கோணவியல் வருவதற்குள் மே மாதம் கேட்டது மறந்துவிடும். ஆனால் "இது எனக்குத் தெரியும்" என்ற நினைப்பு மட்டும் தங்கிவிடும், வகுப்பில் கவனம் சிதறுவது அதனால்தான்.

பணம் கட்டும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை வையுங்கள். ஏழு, எட்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து 20 கணக்கு, ஒரு மணி நேரம். இந்த நான்கும் அதில் இருக்கட்டும். மைனஸ் மூன்றின் வர்க்கத்தை அடைப்புக்குறி போட்டும் போடாமலும் எழுதினால் என்ன வித்தியாசம் (9, மைனஸ் 9). ஒரு சட்டை விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் குறைத்தால் என்ன ஆகும் (4 சதவீதம் குறையும்). முக்காலுக்கும் ஆறில் ஐந்துக்கும் நடுவே ஒரு பின்னம் (19/24 ஒன்று). ஓர் எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 7-ஐக் கழித்தால், அதே எண்ணோடு 11-ஐக் கூட்டியதற்குச் சமம். எண் எது (9).

மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், தப்பின் வகையைப் பாருங்கள். குறி மாறியதா, பின்னம் தடுக்கியதா, வாக்கியத்தைச் சமன்பாடாக்க வரவில்லையா என்று. முதல் இரண்டும் தினம் 45 நிமிடப் பயிற்சியில் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும். மூன்றாவதுக்குக் கூடுதல் நாள் பிடிக்கும், ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நூறு பேர் பேட்சில் அது நடக்காது.

ராங்க்_பாதை:
வாத்தியார் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. பள்ளி திறந்த பிறகு ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒன்றரை மணி நேரம் சொந்தமாகக் கிடைத்தால் பெரிது. ஆண்டில் தொடர்ச்சியாக 120 மணி நேரம் கிடைப்பது கோடையில் மட்டும்தான். பதினொன்றாம் வகுப்பில் ஜேஇஇ பேட்சில் சேரும் மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே திணறுவதைக் கவனியுங்கள். திசையன், வரைபடச் சாய்வு, மடக்கை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுகிறது. அந்த அதிர்ச்சியை ஒன்பதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகத் தணிப்பதற்குப் பெயர்தான் ஃபவுண்டேஷன்.

நல்ல மையம் 9 இயலையும் ஓட்டாது. இயற்கணிதம், மெய்யெண்கள், இயக்கம், அணு அமைப்பு என்று ஏழெட்டு தலைப்பைத்தான் எடுக்கும். நாள்வாரி அட்டவணையைக் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். நோட்டீஸை மட்டும் வைத்து எல்லா மையத்தையும் ஒதுக்குவது நியாயமில்லை.

கணக்கு_வாத்தியார்:
பதினொன்றில் திணறுவது உண்மை. காரணம்தான் வேறு. வரைபடச் சாய்வு வராத பிள்ளைக்குப் பெரும்பாலும் விகிதம் வராது. விகிதம் ஏழாம் வகுப்பு விஷயம். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே புதுப் பாடம் ஏற்றினால் அதே இடத்தில்தான் மறுபடி இடறும்.

இன்னொன்று. 2024 ஜனவரியில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல், 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கோச்சிங் மையங்கள் சேர்க்கக் கூடாது, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகே சேர்க்க வேண்டும் என்கிறது. இந்தப் பெண்ணுக்கு 14 இருக்கும். "கோடை முகாம்" என்று பெயர் மாற்றிச் சேர்க்கிறார்கள் என்றால் ஏன் என்று யோசியுங்கள்.

ராங்க்_பாதை:
அது ஒரு முன்மாதிரி வழிகாட்டுதல்தான். மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் கட்டுப்படுத்தும். அதை முழுத் தடை போலக் காட்டாதீர்கள். அதே ஆவணத்தில் பெற்றோருக்கு உதவும் பகுதி ஒன்று இருக்கிறது: முழுக் கட்டணம் கட்டி நடுவில் விலகினால், மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ரசீதின் பின்பக்கத்தில் "எக்காரணம் கொண்டும் திரும்பத் தரப்படாது" என்று அச்சிட்டிருந்தால் இதைக் காட்டிப் பேசுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மலைப்பாதை:
ரெண்டு பேரும் படிப்பையே பேசுறீங்க. 14 வயசுப் பெண் ஏழு நாள் வீட்டை விட்டு, தன் துணியைத் தானே துவைச்சு, பத்துப் பேரோட அறையில இருந்து பழகுறது எந்த நோட்டீஸ் பாடத்துலயும் வராது. கூடாரம் கட்டறது, வரைபடம் பார்த்து நடக்கறது, ஒரு குழுவுக்கு ஒரு நாள் தலைமை ஏத்துக்கிறது: இதுக்கெல்லாம் ரெண்டு மூணு நாள் பத்தாது. முதல் ரெண்டு நாள் வீட்டு ஏக்கத்துலயே போயிடும், நாலாம் நாள்தான் பிள்ளைங்க ஒண்ணாகும். 7 நாள் சரியான அளவு. கொடைக்கானல் குளிர்ல மே மாசம் பகல் முழுக்க வெளிய இருக்கலாம், திருச்சியில முடியுமா?

வைகைக்கரை:
மலைப்பாதை சொல்லும் பயன் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் நல்ல முகாமையும் ஆபத்தான முகாமையும் நோட்டீஸ் பிரித்துக் காட்டாது. போன் போட்டு இவற்றைக் கேளுங்கள்.

வண்டி மஞ்சள் நம்பர் பிளேட்டா? வெள்ளை போர்டு வேனில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கல். மலைச்சாலையில் இரவில் ஏறுவார்களா? ஏறுவார்கள் என்றால் வேண்டாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். உங்கள் தேதிக்கு இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். "செக்போஸ்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர் மற்ற ஏற்பாடுகளையும் அப்படித்தான் வைத்திருப்பார்.

காட்டுக்குள் நடை இருந்தால் வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும், மனிதரால் அந்த வேகத்தில் ஏற முடியாது.

இரவு ஏற்பாடு இன்னும் முக்கியம். பெண் பிள்ளைகள் தூங்கும் அதே தளத்தில் பெண் பொறுப்பாளர் தங்குகிறாரா? ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது என்ற விதி எழுத்தில் உண்டா? வீட்டுக்குப் பேச நேரம் உண்டா? போனைப் பிடுங்கி வைப்பது ஒழுங்கு என்று சொல்வார்கள். வாங்கி வைக்கட்டும், ஆனால் தினம் மாலை 10 நிமிடம் பேச விட வேண்டும். புறப்படும் முன் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மகளுக்கு மனப்பாடம் செய்ய வையுங்கள்.

மலைப்பாதை:
இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் சொல்ற முகாம்கள் இருக்கு. நான் இன்னும் ஒண்ணு சேர்க்கிறேன்: தண்ணி. கொதிக்க வச்சதா, எதுல சேமிக்கிறாங்க? முகாம் முடிஞ்சு மூணு நாலு வாரம் கழிச்சு மஞ்சள் காமாலை வந்தா யாரும் முகாமோட சேர்த்துப் பார்க்கறதில்ல. ஆனா அந்த நோய் வெளிய தெரிய அவ்வளவு நாள் ஆகும்.

மைதானம்:
அண்ணா ஸ்டேடியத்தை யாருமே எடுக்கலையே. 18 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு, காலையும் மாலையும், தங்கறது கிடையாது. செலவு மத்த ரெண்டுக்கும் பக்கத்துலயே வராது. எட்டு மாசம் பெஞ்சில உட்கார்ந்த உடம்புக்கு இது வேணும்.

சிக்கல் எங்கன்னா, முதல் வாரத்துலயே முழு வேகத்துல ஓட விடறது. முன்னங்கால் எலும்பு ஓரமா வலி வந்து பத்தாம் நாள் நின்னுடுவாங்க. முகாமுக்கு ஒரு வாரம் முன்னாடியே தினம் 20 நிமிஷம் வேக நடை பழகட்டும். ஷூவை முதல் நாள் புதுசா போடக் கூடாது, நாலு நாள் வீட்ல போட்டுப் பழக்கணும். கிளம்பறதுக்கு அரை மணி முன்னாடி ஒரு வாழைப்பழம் போதும்; வெறும் வயிறு வேண்டாம், இட்லி நாலும் வேண்டாம்.

மே 4 வாக்குல கத்திரி தொடங்கிடும். எட்டு மணிக்கு மேல பயிற்சி இருந்தா கேள்வி கேளுங்க. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணி. தலைவலி, வாந்தி வர மாதிரி இருந்தா நிழல்ல படுக்க வைக்கணும். பேச்சு குழறினா, ஆள் தெரியாம பார்த்தா, அது வேற நிலைமை: உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே 108 கூப்பிடணும். ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில முழுசா கரைங்க. பாதிப் பாக்கெட்டை டம்ளர்ல போட்டா உப்பு அளவு தப்பிடும். அட்டைப் பெட்டியில பழச்சாறு மாதிரி வர்றது ஓஆர்எஸ் இல்ல. அந்தப் பேரை அதுல போடக் கூடாதுன்னு 2025 அக்டோபர்ல உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிடுச்சு.

பெண் பிள்ளைன்னா முதல் நாள் நீங்களே போய் கழிப்பறையைப் பாருங்க. தண்ணி வருதா, தாழ்ப்பாள் விழுதா. நிறைய பேர் பாதியில நிக்கறது இதனாலதான், வெளிய சொல்ல மாட்டாங்க.

ராங்க்_பாதை:
உடற்பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலை 6 முதல் 8 வரை மைதானம் என்றால் 10 மணிக்கு வகுப்பு தாராளமாக முடியும்.

மைதானம்:
ரெண்டு மணி நேரம் ஓடிட்டு வந்த பிள்ளை நாலு மணி நேரம் விரிவுரை கேட்டா தூங்கும். மதியம் ஒரு மணி நேரம் தூங்க விடணும். வாத்தியார் சொன்ன 45 நிமிஷம் சாயந்திரம் வேணும்னா ஒத்துக்கலாம்.

வானம்பார்த்தவர்:
இலவசமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கான இஸ்ரோவின் இளம் விஞ்ஞானி திட்டம், யுவிகா; 2019-ல் தொடங்கியது. இரண்டு வாரம், இஸ்ரோ மையங்களிலேயே தங்கிப் பயிற்சி. பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. ஜனவரி 1 அன்று ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு மட்டும். உங்கள் மகளுக்கு இந்தக் கோடையில் கிடையாது, அடுத்த மே மாதம்தான் அவள் முறை. ஆனால் தயாரிப்பு இப்போதே. தேர்வில் பாதி எடை எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு, அது முடிந்துவிட்டது. மீதியில் இணைய வினாடி வினா, அறிவியல் கண்காட்சி, ஒலிம்பியாட், விளையாட்டு, சாரணர் அல்லது என்சிசி எல்லாம் எண்ணப்படும். ஊராட்சிப் பகுதிப் பள்ளி என்றால் தனி எடை உண்டு. ஆகவே ஜூனில் பள்ளி திறந்ததும் என்சிசியோ சாரணியமோ கேட்டுச் சேருங்கள். விண்ணப்பம் வரும்போது சான்றிதழ் தேடினால் கிடைக்காது.

கணக்கில் ஆர்வம் இருந்தால் ஐஓக்யூஎம், அதாவது கணித ஒலிம்பியாடுக்கான முதல் கட்டத் தேர்வு, செப்டம்பரில் நடக்கும். 3 மணி நேரம், 30 கேள்வி, 100 மதிப்பெண்: பத்து கேள்விக்கு 2, பத்துக்கு 3, பத்துக்கு 5. விடைகள் எல்லாம் முழு எண்கள். முதல் முறை தேறாவிட்டால் பரவாயில்லை. வகுபடுதன்மை, மீதி, புறாக்கூண்டுத் தத்துவம் (கூண்டைவிடப் புறா அதிகமானால் ஏதோ ஒரு கூண்டில் இரண்டாவது இருக்கும்) மூன்றை மட்டும் எடுத்து, தினம் 3 கணக்கு, விடையைப் பார்க்காமல் ஒரு கணக்குக்கு 30 நிமிடம் மல்லுக்கட்டினால் கோடைக்குப் போதும்.

உறையூர்_பெற்றோர்:
நன்றி. சோதனையை ஞாயிற்றுக்கிழமை வைக்கிறேன். ஃபவுண்டேஷன் மையம் 3 நாள் இலவசமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்கிறது. அதில் என்ன பார்க்க வேண்டும்?

ராங்க்_பாதை:
மூன்றாம் நாள் நோட்டை வாங்கிப் பாருங்கள். போர்டிலிருந்து காப்பி செய்தது எத்தனை பக்கம், அவளே போட்டது எத்தனை பக்கம். பாதிக்குப் பாதி இருந்தால் சேர்க்கலாம். பேட்சில் 30 பேருக்கு மேல் இருந்தால் நானே வேண்டாம் என்பேன்.

கணக்கு_வாத்தியார்:
அதோடு, அவள் தப்பாகப் போட்ட ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் நேரில் போங்கள். "எங்கே தப்பியது?" என்று கேளுங்கள். அவர் அவளுடைய வரிகளைப் படித்துப் பார்த்துவிட்டுப் பேசுகிறாரா, அல்லது பக்கத்திலேயே சரியான முறையைப் புதிதாக எழுதிக் கொடுத்து அனுப்புகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அந்த 21,240 ரூபாயைக் கட்ட வேண்டாம்.