வலி போய்விட்டது, கால் திரும்பவில்லை: கணுக்கால் தசைநார் கிழிந்தவர்களின் அனுபவங்கள்

படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்துக் காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. பாதம் உள்பக்கமாக மடங்க, உடம்பின் பாரம் முழுவதும் கணுக்காலின் வெளிப்பக்கத்தில் இறங்கியது. துணி கிழிவது போன்ற ஒரு சத்தம் எனக்கே கேட்டது. சிறிது நேரத்தில் கணு எலும்பு இருந்த இடமே தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது. மறுநாள் காலையில் நீலம் விரல்கள் வரை இறங்கியிருந்தது.

மருத்துவர் முதலில் நான்கு அடி நடக்கச் சொன்னார். என்னால் ஒன்றுகூட வைக்க முடியவில்லை. பிறகு இருபக்கக் கணு எலும்புகளின் பின்விளிம்பை அழுத்திப் பார்த்தார். எக்ஸ்ரே தேவையா என்று முடிவுசெய்யக் கனடாவின் ஒட்டாவாவில் மருத்துவர்கள் வகுத்து 1992-ல் வெளியிட்ட விதிமுறை அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். எலும்பு முறியவில்லை. ஆனால் ஐந்து நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். அப்போது கோபம்தான் வந்தது. வீக்கமும் வலியும் உச்சத்தில் இருக்கும்போது மூட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று கையால் சரியாகக் கணிக்க முடியாதாம். ஐந்தாம் நாள் குதிகாலைப் பிடித்து முன்னோக்கி இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: வெளிப்பக்கத்தில் உள்ள மூன்று தசைநார்களில் முன்னால் இருப்பது முழுவதுமாகக் கிழிந்திருக்கிறது. கால் இப்படி மடங்கும்போது பெரும்பாலும் முதலில் போவது அதுதான்.

அறுவை சிகிச்சை என்று சொல்லப்போகிறார் என அஞ்சினேன். முழுக் கிழிவுகூடப் பெரும்பாலோருக்குப் பயிற்சியிலேயே தேறிவிடும் என்றார். பட்டை அணிந்து, ஊன்றுகோலுடன் மெல்ல மெல்லப் பாரம் வைத்து, ஆறாவது வாரத்தில் நொண்டாமல் நடந்தேன். வலி இல்லை. அதனால் பயிற்சியை நிறுத்திவிட்டேன்.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான். மூன்றாவது மாதத்தில் ஒரு கல்லோ பள்ளமோ இல்லாத சமதரையில் அதே கால் மறுபடி மடங்கியது. பிசியோதெரபிஸ்ட் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நல்ல காலில் 20 விநாடி நின்றேன். அடிபட்ட காலில் 4 விநாடி. கொஞ்சமும் வலிக்கவில்லை, வெறுமனே சாய்ந்தேன். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட திகைப்பு, விழுந்த அன்றுகூட ஏற்படவில்லை.

தசைநார் எலும்பையும் எலும்பையும் கட்டும் கயிறு மட்டும் அல்ல என்று அவர் விளக்கினார். பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் அதில் இருக்கின்றன. கிழியும்போது அவையும் சேதமடைகின்றன. பாதம் சரியத் தொடங்கிவிட்டது என்ற சேதி தாமதமாகப் போகிறது; கீழ்க்காலின் வெளிப்புறத் தசைகள் அதை இழுத்துப் பிடிப்பதற்குள் கால் மடங்கிவிடுகிறது. அந்தத் தசைகளுக்காக ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் தள்ளினேன். பல் துலக்கும்போதெல்லாம் ஒற்றைக் காலில் நின்றேன். பிறகு தலையணையின் மேல், பிறகு கண்ணை மூடி, பிறகு யாராவது எறியும் பந்தைப் பிடித்தபடி. சலிப்பான வேலைதான். ஆனால் முதல் ஆறு வாரத்தில் எனக்கு மிகவும் தேவைப்பட்டது இதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மறுமொழி:
உங்கள் ஆறு வாரக் கணக்கை எல்லோரும் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பாதம் வெளிப்பக்கமாகத் திருகியது. கிழிந்தது கணுவுக்கு மேலே, கீழ்க்காலின் இரண்டு எலும்புகளையும் சேர்த்துக் கட்டும் தசைநார். வீக்கம் அவ்வளவாக இல்லாததால் சாதாரணச் சுளுக்கு என்று நானே முடிவுசெய்து நடந்துகொண்டிருந்தேன். ஆடுசதைக்கு நடுவில் இரண்டு எலும்புகளையும் சேர்த்து அமுக்கினால் கணுக்காலில் வலித்தது. அதை வைத்துத்தான் மருத்துவருக்குச் சந்தேகமே வந்தது. இந்த வகை ஆற நெடுநாள் ஆகும். மற்றவர்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் நான் இன்னும் ஊன்றுகோலோடு இருந்தேன். அழுதிருக்கிறேன்.

மறுமொழி:
என் தவறு வேறு. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் மூன்று வாரம் விடாமல் செய்தேன். காலை அசைக்கவே இல்லை. அந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் 1978-ல் ‘ரைஸ்’ (RICE) என்ற ஒரே சொல்லாகக் கோத்துப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பிற்காலத்தில், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வலியைத் தணிக்க முதல் சில நாள் ஐஸ் உதவியது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மூட்டு இறுகிவிட்டது. குதிகால் தரையில் பதிய, முழங்கால் சுவரைத் தொடும்படி நின்றால் நல்ல காலில் கட்டைவிரலுக்கும் சுவருக்கும் எட்டு விரற்கடை இடைவெளி. அடிபட்ட காலில் மூன்று. குந்தி உட்காரவே முடியவில்லை. அதைச் சரிசெய்ய நான்கு மாதம் போனது.

இன்னொன்று. ஒரே ஊன்றுகோல் என்றால் அதை அடிபடாத பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது அடிபட்ட கால் முன்னால். இதை எனக்கு யாரும் முதல் நாளே சொல்லவில்லை.

முதலில் எழுதியவர்:
விளையாடும்போது பட்டை வேண்டுமா என்று தனியே கேட்டிருந்தவருக்கு: நான் கயிறு கட்டும் வகையை இன்னும் அணிகிறேன். ஒருமுறை மடங்கிய கால் மறுபடி மடங்கும் வாய்ப்பு அதிகம். பட்டை அதைக் குறைக்கிறது. பயிற்சியையும் விடவில்லை. நேற்று அந்தக் காலில் கண்ணை மூடி 17 விநாடி நின்றேன். அந்தக் கடைசிப் படியில் மட்டும் இன்னும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் இறங்குகிறேன்.