தனியாகப் பத்து நாள் கார் பயணம், போய் வந்த பெண்கள் கொஞ்சம் சொல்லுங்கள்

அடுத்த மாதம் பத்து நாள், மொத்தம் 3,000 கிலோமீட்டர் வரும், நான் மட்டும் காரில் போகப் போகிறேன். எட்டு வருடமாக வண்டி ஓட்டுகிறேன், ஆனால் இவ்வளவு தூரம் தனியாக இதுதான் முதல் தடவை. "தனியாகவா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அலுத்துவிட்டது, அதனால் போகாதே என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பிரேக், ஆயில், பேட்டரி எல்லாம் பார்த்தாயிற்று. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் (முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம்) பார்த்தபோதுதான் ஸ்டெப்னிக்கு ஒன்பது வயது என்று தெரிந்து மாற்றினேன். வாசலில் நானே டயர் கழற்றிப் பழகினேன், நட்டு அசையவே இல்லை, கடைசியில் வீல் ஸ்பேனர் மேல் ஏறி நின்றபிறகுதான் கழன்றது! நீளமான கைப்பிடி உள்ளது வாங்கினால் போதுமா?

வரைபடத்தை இணையம் இல்லாமலும் பார்க்கும்படி இறக்கிவைத்துவிட்டேன், அக்காவுக்கு லைவ் லொகேஷன் போகும், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் அது நின்றுவிடுமே, அங்கே என்ன செய்தீர்கள்? இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விட வேண்டும் என்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் வைத்துக்கொள்வது? அப்புறம் கழிப்பறை. இதைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. மாதவிடாய் நாட்களும் நடுவில் வருகிறது, சமாளித்தவர்கள் கூச்சப்படாமல் விவரமாகவே எழுதுங்கள்.

வழியில் பேச்சுக் கொடுப்பவர்களிடம் "கணவர் பின்னால் வருகிறார்" என்று பொய் சொல்வீர்களா?